துடுப்பு தப்பினால் சுறா தப்புமா?

கேள்வி: நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கடல் வாழ் உயிரினங்கள் பற்றிப் பாடம் நடத்தும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ காட்டினேன். சுறாவின் துடுப்புகளை அறுத்து எடுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் உடலைக் கடலில் தள்ளிவிடும் காட்சி. பிள்ளைகள் கலங்கிப் போனார்கள். ‘இந்தியாவில் இதற்குத் தடை இருக்கிறது’ என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. அப்போது ஒரு மாணவன், ‘அப்படின்னா போச்சம்பள்ளி சந்தையில சுறாக் கருவாடு எப்படி டீச்சர் விக்கிறாங்க?’ என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பால் ஊறும் என்று சம்பந்தி வீட்டில் பால் சுறாக் கருவாடு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சமைப்பது சட்டப்படி தப்பா? இந்தச் சட்டங்களால் சுறாக்கள் உண்மையிலேயே பிழைக்கின்றனவா? பிள்ளைகள் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்கிறார்கள். என்ன எழுதச் சொல்லலாம்?

– ஒரு வாசகி, போச்சம்பள்ளி அருகில்

பதில் தருபவர்: மீன்வள உயிரியல் ஆய்வாளர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவன் கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. தடையும் இருக்கிறது, கருவாடும் விற்கிறது. இரண்டும் உண்மை. சட்டம் தடுப்பது ஒன்று, சந்தைக்கு வருவது வேறொன்று. சுறாக் கருவாடு விற்பதும் வாங்குவதும் பொதுவாகக் குற்றம் இல்லை. சில இனங்களைத் தொடவே கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன். துடுப்பு வெட்டுக்கு எதிரான சட்டங்களால் சுறாக்கள் பிழைக்கின்றனவா என்றால், அந்தச் சட்டங்களை மட்டும் வைத்துப் பிழைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தச் சட்டங்களைக் கொண்டுவருவதற்கு உலகம் முழுக்கப் பலர் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆழ்கடலில், மாதக்கணக்கில் கரை திரும்பாத கப்பல்களில் நடப்பது. அவர்கள் தேடிப் போவது சூரை மீனை. பல மைல் நீளத்துக்கு விடும் தூண்டில் கயிற்றில் சுறாவும் மாட்டும். கப்பலில் மீனைக் குளிரவைக்கும் அறையில் இடம் கொஞ்சம்தான். சுறா இறைச்சி விலை குறைவு, ஆனால் சூப்புக்காக ஹாங்காங் வழியாகப் போகும் துடுப்புக்கு விலை பல மடங்கு. அதனால் துடுப்பை மட்டும் அறுத்துக் காயவைத்து மூட்டை கட்டிக்கொண்டு உடலைத் தள்ளிவிட்டார்கள். பல சுறா இனங்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடி மூச்சு விட முடியும். துடுப்பு போனால் நீச்சல் போச்சு. அடியில் போய் விழுந்து, ரத்தம் வடிந்து, மூச்சுத் திணறிச் சாகும். பிள்ளைகள் கலங்கியதில் தப்பே இல்லை.

இந்தக் கொடுமையையும் வீணடிப்பையும் நிறுத்தத்தான் சட்டங்கள் வந்தன. அமெரிக்கா 2000-ல் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் போட்ட சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சிறப்பு அனுமதி பெற்ற கப்பல்கள் துடுப்பைக் கடலிலேயே வெட்டலாம், துடுப்பின் எடை மீனின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் துடுப்பின் பங்கு ஒவ்வொரு மாதிரி. வெட்டும் விதத்தைப் பொறுத்தும் மாறும். விலை கூடிய துடுப்பை ஒரு சுறாவிடம் எடுத்துக்கொண்டு, இறைச்சி நன்றாக இருக்கும் வேறொரு சுறாவின் உடலை அதற்குக் கணக்குக் காட்டிவிடலாம். துறைமுகத்தில் தராசு வைத்து நிற்கும் அதிகாரியால் எதையும் நிரூபிக்க முடியாது. இதைப் பார்த்துத்தான் பிறகு, ‘துடுப்பு உடலோடு ஒட்டியபடியே கரைக்கு வர வேண்டும்’ என்ற விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் அதற்கு மாறியது. இந்தியாவும் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த விதியைக் கொண்டுவந்தது. 2015 பிப்ரவரியில் எந்தச் சுறா இனத்தின் துடுப்பையும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. நீங்கள் வகுப்பில் ‘தடை’ என்று சொன்னது இந்த இரண்டையும்தான்.

உங்கள் ஊர்ச் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுத் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலைக் குப்பையில் போடக் கூடாது என்று நாளைக்கு ஒரு சட்டம் வருகிறது. எத்தனை ஆடு தப்பும்? ஒன்றுகூடத் தப்பாது. கறியை அங்கே யாரும் குப்பையில் போடுவதே இல்லையே!

தமிழ்நாட்டுக் கடற்கரையின் நிலைமை அச்சு அசல் இதுதான். காசிமேடோ தூத்துக்குடியோ, விடியற்காலையில் ஏலத்தளத்துக்குப் போனால் சுறாக்கள் முழுசாகத்தான் கிடக்கும். வாலைப் பிடித்து இழுத்து வரிசையாகப் போட்டு, மொத்தமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரின் ஆள் வந்து கத்தியை வைப்பது அதற்கு அப்புறம்தான். முதுகில் நிமிர்ந்து நிற்கும் பெரிய துடுப்பு, மார்புப் பக்கத்து இரண்டு துடுப்புகள், வாலின் கீழ் மடல், நான்கும் சேர்ந்தால் ஒரு செட். அது ஒரு கூடைக்குப் போகும். உடல் பச்சையாகவே குழம்புக்கும் புட்டுக்கும் போகும், மிச்சத்தைப் பாளம் பாளமாகக் கீறி, உப்பு அடைத்து, வெயிலில் போடுவார்கள். சுறாவின் சதையில் யூரியா அதிகம். பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே அது அமோனியாவாக மாற ஆரம்பித்துவிடும். சுறாக் கருவாட்டுக்கு அந்தக் காரமான நெடி இதனால்தான் வருகிறது, உங்கள் வீட்டிலும் வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசித்தான் சமைப்பீர்கள். ஐஸ் இல்லாத காலத்தில், சீக்கிரம் கெடும் இந்த மீனைக் கடற்கரையிலிருந்து வெகுதூரம் அனுப்ப உப்பும் வெயிலும்தான் கைகொடுத்தன. அப்படித்தான் கடலே பார்க்காத கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் சுறா வந்து சேர்ந்தது, இன்றும் வருகிறது.

இதில் எங்கே துடுப்புச் சட்டம் மீறப்பட்டது? எங்கேயும் இல்லை. சுறா முழுசாகக் கரைக்கு வந்தது, துடுப்பு கரையில்தான் வெட்டப்பட்டது, இறைச்சி வீணாகவில்லை. சட்டம் கேட்டது அத்தனையும் நடந்துவிட்டது. சுறாவும் செத்துவிட்டது.

இதை உலக அளவில் கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் வோர்ம் என்பவரின் குழு 2024 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2012-ல் மீன்பிடியில் குறைந்தது 7.6 கோடி சுறாக்கள் செத்தன. 2019-ல் அது 8 கோடி. அதில் சுமார் 2.5 கோடி அழிவின் ஆபத்தில் இருக்கும் இனங்கள். இதே காலத்தில்தான் உலகம் முழுக்கச் சுறாவுக்கான சட்டங்கள் பல மடங்கு பெருகின. துடுப்பு வெட்டைத் தடுக்கும் சட்டங்கள் சாவு எண்ணிக்கையைக் குறைக்கவில்லை என்று அந்த ஆய்வு தெளிவாகவே சொல்கிறது. ஆழ்கடலில் 7 சதவீதம் குறைந்திருக்கிறது, கரையோரக் கடலில் 4 சதவீதம் கூடியிருக்கிறது. இந்தக் கரையோர எண்ணிக்கையை நாம் கவனிக்க வேண்டும். நம் படகுகளில் பெரும்பாலானவை மீன் பிடிப்பது அங்கேதான்.

இன்னொரு விளைவும் உண்டு. உடலையும் கரைக்குக் கொண்டுவா என்று சட்டம் சொன்னதும், வந்த உடலை விற்க வழி தேட வேண்டியதாகிவிட்டது. இறைச்சி, எண்ணெய், குருத்தெலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் சந்தை வளர்ந்தது. 2012 முதல் 2019 வரை உலக வர்த்தகத்தில் சுறா, திருக்கை இறைச்சியின் மதிப்பு சுமார் 260 கோடி டாலர், துடுப்பின் மதிப்பு சுமார் 150 கோடி டாலர் என்று உலக வனவிலங்கு நிதியம் 2021-ல் கணக்கிட்டது. துடுப்புக்காகத்தான் சுறா சாகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இறைச்சி அதைத் தாண்டிப் போய்விட்டது. சீன சூப்பைத் திட்டுவது நமக்கு எளிது. நம் தட்டில் இருக்கும் புட்டைப் பற்றிப் பேசுவது கஷ்டம்.

அதற்காகத் துடுப்புச் சட்டம் வேண்டாத சட்டம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். துடித்துக்கொண்டிருக்கும் ஓர் உயிரை அறுத்துத் தண்ணீரில் தள்ளுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. அதைத் தடுத்ததே பெரிய காரியம். அதைவிடவும் முக்கியமான ஒரு பயன் எங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. வெட்டிக் காயவைத்த துடுப்பு மூட்டையைப் பிரித்தால் அது எந்த இனம், எத்தனை சுறா, குட்டியா பெரியதா என்று சொல்வது பெரும் பாடு. முழு உடலோடு வந்தால் இனத்தை அடையாளம் காணலாம், நீளம் அளக்கலாம், வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு மீனை இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரம்பு போடுவதற்கு முதலில் எவ்வளவு பிடிபடுகிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்குக்குத் துடுப்புச் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கதவைத் திறந்ததோடு பல நாடுகள் நின்றுவிட்டன, அதுதான் குறை.

வரம்பு ஏன் இவ்வளவு அவசியம் என்பதைச் சுறாவின் உடல் வாகை வைத்தே வகுப்பில் விளக்கலாம். மத்தி ஒரு தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும், ஒரே வருடத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சுறா அப்படி இல்லை. பெண் வெள்ளைச் சுறா முதல் குட்டி போட 30 வயதை ஒட்டிவிடும். பல இனங்கள் குட்டி போடுபவை, அதுவும் சிலதான் போடும். சில இனங்களில் கருக்காலம் ஒரு வருடத்துக்கும் மேல். இப்படி நிதானமாகப் பெருகும் உயிரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச காலத்தில் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. 1970-லிருந்து ஆழ்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்திருக்கிறது என்று 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு மதிப்பீட்டின்படி, சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் ஆபத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முக்கியமான காரணம் ஒன்றுதான்: அளவுக்கு மீறிய மீன்பிடி.

சரி, எது வேலை செய்கிறது? வோர்ம் குழுவின் ஆய்விலேயே அதற்கும் பதில் இருக்கிறது. குறிப்பிட்ட பகுதியில் சுறாவைப் பிடிக்கவே கூடாது, அல்லது மாட்டினாலும் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன இடங்களில் ஓரளவு பலன் கிடைத்திருக்கிறது. பசிபிக் கடலில் இருக்கும் தீவு நாடான பலாவ் 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயமாக அறிவித்தது. நம் பக்கத்து மாலத்தீவு 2010-ல் சுறா பிடிப்பதையே தடை செய்தது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 1997-ல் வெள்ளைச் சுறாவைப் பிடிக்கத் தடை வந்தது, இன்று அங்கே அவை மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன. சுறா உயிரோடு இருந்தால் அது நீந்துவதைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகளால் வருமானம் என்பது மாலத்தீவுக்கும் பலாவுக்கும் கை கொடுத்தது. அந்த வசதி எல்லாக் கடற்கரைக்கும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் குஜராத்தில் இருக்கிறது. வெராவல் பக்கம் திமிங்கலச் சுறாவை ஈரலில் இருந்து எடுக்கும் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடி வந்தார்கள். உலகிலேயே பெரிய மீன் அது. படகுக்கு எண்ணெய் பூச அதன் ஈரல் எண்ணெய்தான். 2001-ல் அதைச் சட்டம் பாதுகாத்தது. வெறும் தடையோடு விட்டிருந்தால் ராத்திரியில் தொடர்ந்திருப்பார்கள். 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை ஊர் ஊராகப் போய்ப் பேசியது. ராமகதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும் மகளாக அந்த மீனைப் பாருங்கள் என்று அந்த மக்களிடம் சொன்னார். வலையில் மாட்டிய மீனை விடுவிக்க வலையை அறுக்க வேண்டியிருக்கும், வலை என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அறுத்த வலைக்கு மாநில வனத்துறை இழப்பீடு கொடுத்தது. அதற்குப் பிறகு மீனவர்கள் தாங்களே வலையை அறுத்து நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களைக் கடலில் விட்டிருக்கிறார்கள். எந்த மீன் என்று யாருக்கும் குழப்பமில்லை, பிடிக்கவே கூடாது என்பதிலும் குழப்பமில்லை, நஷ்டத்தை மீனவர் தலையில் மட்டும் போடவுமில்லை. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

அதே 2001-ல் நடந்த எதிர்மாறான கதையும் உண்டு. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு, சுறா, திருக்கை வகைகள் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. புலிக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பு. வலையில் தானாக மாட்டும் சின்னத் திருக்கை முதல் எல்லாமே ஒரே நாளில் குற்றமாகிவிட்டன. கடற்கரை முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது, கிளம்பாமல் என்ன செய்யும்? டிசம்பரில் அந்தப் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. திமிங்கலச் சுறா, வேளா மீன்கள், பாண்டிச்சேரி சுறா, கங்கைச் சுறா போன்றவை அதில் தங்கின. பிடிபடும் சுறாவில் பெரும்பகுதியாக இருக்கும் சாதாரண இனங்களுக்கு எந்த வரம்பும் வரவில்லை. முழுத் தடை, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இடையில் இருக்க வேண்டிய அளவு வரம்பு, குட்டி பிடிக்காத விதி, குட்டி போடும் இடங்களுக்கு ஓய்வு, இதெல்லாம் பேச்சுக்கே வராமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 2022-ல் வந்த சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது, பாதுகாக்கப்படும் இனங்களின் பட்டியல் நீண்டது. நல்லதுதான். ஆனாலும் பட்டியலில் இல்லாத இனங்களின் கதை பழைய கதையாகவே இருக்கிறது.

ஏற்றுமதித் தடையிலும் கசிவு உண்டு. 2018-ல் மும்பையிலும் வெராவலிலும் வருவாய் புலனாய்வுத் துறை 8,000 கிலோ சுறாத் துடுப்பைப் பிடித்தது. துடுப்பு காய்ந்தால் எடை குறைவு, கெடாது, கருவாட்டோடு கருவாடாக மூட்டையில் போய்விடும்.

மாட்டியதைத் திரும்பக் கடலில் விடு என்ற விதிக்கும் எல்லை உண்டு. சுத்தியல் மாதிரித் தலை இருக்குமே, கொம்பன் சுறா, அது தூண்டிலில் மாட்டிப் போராடினாலே பெரும்பாலும் செத்துவிடும். செத்த மீனை விட்டால் என்ன, வைத்துக்கொண்டால் என்ன? அதனால் மாட்டாமலே இருக்க வழி பார்க்க வேண்டும். தூண்டில் முள்ளுக்கு மேலே கம்பி கட்டினால் சுறாவால் கடித்துத் தப்ப முடியாது, நைலான் நரம்பு கட்டினால் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். சூரைக்கு அதனால் நஷ்டமில்லை. மேற்கு, மத்திய பசிபிக் கடலின் மீன்பிடி ஆணையம் இந்தக் கம்பியை நிலநடுக்கோட்டை ஒட்டிய பெரும் பகுதியில் தடை செய்ய 2022-ல் முடிவெடுத்தது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். துடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் சுறா உயிரோடு போகிறது.

ஒன்றை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். அந்த வீடியோவைப் பார்த்த பிள்ளைகள் மனதில் மீனவர் வில்லனாகப் பதிந்துவிடக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆழ்கடலில் சுறா பிடிப்பவர்கள், அரபிக்கடலில் பல நூறு மைல் போய்த் தூண்டில் போடுபவர்கள். அவர்கள் உடலைக் கடலில் தள்ளும் கூட்டம் இல்லை. நம் கரையில் பிடிபடும் சுறாவில் பெரும் பங்கு, வேறு மீனுக்கு விரித்த வலையிலும் இழுவை மடியிலும் மாட்டுவது. விதி செய்பவர்கள் கரையில் உட்கார்ந்து செய்துவிட்டு, நஷ்டத்தைக் கடலில் இருப்பவரிடம் தள்ளினால் எந்தச் சட்டமும் நிற்காது.

இனி உங்கள் வீட்டுக் கருவாடு. சட்டப்படி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. முதல் அட்டவணையில் உள்ள மீனை விற்பவருக்கு 3 முதல் 7 வருடம் வரை சிறை உண்டு, ஆனால் பாளமாகக் கீறிய கருவாட்டைப் பார்த்து எந்த இனம் என்று வியாபாரிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, மரபணு சோதனை இல்லாமல் எனக்கும் சொல்ல முடியாது. சட்டத்தின் கண் சந்தைக்கு வருவதற்கு முன்பே மூடிக்கொள்கிறது. தலையும் துடுப்பும் இருக்கும் இறங்குதளத்திலேயே பார்க்க வேண்டிய வேலை அது.

ஆனால் பால் சுறா என்று முழு மீனாகக் காயவைத்து விற்கிறார்களே, அதில் நீங்களே ஒன்று கவனிக்கலாம். உண்மையான பால் சுறா சிறிய இனம்தான். அதன் பெயரில் பெரிய இனங்களின் குட்டிகளும், கொம்பன் சுறாக் குட்டி உட்பட, கலந்து வருகின்றன. மீனைத் திருப்பிப் போட்டு, மார்புத் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே வயிற்றுப் பக்கம் பாருங்கள். சின்னக் கீறல் மாதிரி ஒரு தழும்பு தெரிந்தால் அது தொப்புள் காயம். தாயின் வயிற்றிலிருந்து வந்து சில வாரம்கூட ஆகாத குட்டி. வயிறு கீறிக் காயவைத்திருந்தால் தெரியாது, முழுசாக இருந்தால் தெரியும். உங்கள் பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துப் போய் இதைக் காட்டலாம். அந்த மாதிரிக் குட்டியை வாங்காதீர்கள், வேண்டாம் என்பதற்கான காரணத்தையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். வாங்குபவர் கேட்டால்தான் அவரும் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

மகளின் உடம்புக்காக இன்னொன்று. பெரிய சுறாக்கள் வாழ்நாள் முழுக்க மற்ற மீன்களைத் தின்று, அவற்றில் இருக்கும் பாதரசத்தைத் தன் சதையில் சேர்த்து வைத்திருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. சின்ன இனங்களில் பாதரசம் குறைவுதான், ஆனால் பாளமாக வந்த கருவாடு எந்த அளவு மீனிலிருந்து வந்தது என்று தெரியாதபோது அதை நம்பக் கூடாது. பால் சுரப்பது முக்கியமாகக் குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறது என்பதைப் பொறுத்தது. தாய்க்குப் புரதச் சத்து வேண்டும் என்பதும் சரி, அதை நெத்திலியும் மத்தியும் கிருஷ்ணகிரி அணை மீனும் தாராளமாகக் கொடுக்கும். சம்பந்தி வீட்டார் அக்கறையோடு அனுப்பியது. அவர்கள் மனம் நோகாமல், ‘டாக்டர் சின்ன மீன் கொடுக்கச் சொல்லியிருக்காங்க’ என்று மகளின் மருத்துவரையே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் கடிதத்தில் துடுப்புத் தடையைக் கேட்க வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்திலும் எந்தச் சுறா இனம் எத்தனை இறங்குகிறது என்று இனவாரியாக எண்ணி வெளியிடச் சொல்லட்டும். எந்த இனத்துக்கும் இந்த நீளத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று ஓர் அளவு நிர்ணயிக்கச் சொல்லட்டும். சுறாக்கள் குட்டி போட வரும் ஆழமில்லாத கரையோரப் பகுதிகளிலும் கழிமுகங்களிலும், அந்த மாதங்களில் வலை விடாமல் இருக்கச் சொல்லட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, அதற்கு மீனவர்களுக்கு நிவாரணமும் கொடுக்கப்படுகிறது. அதனால் இது கேட்கக் கூடாத கோரிக்கை இல்லை. மாட்டிய அரிய இனத்தை உயிரோடு விடும் மீனவருக்கு, குஜராத்தில் கொடுத்த மாதிரி, வலைக்கான இழப்பீடு கொடுக்கச் சொல்லட்டும்.

கடிதத்தைத் தமிழ்நாடு மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள், ஒரு பிரதி வனத்துறைக்கும் போகட்டும். மீன்பிடி விதிகள் ஒரு துறையிடமும் வனவிலங்குச் சட்டம் இன்னொரு துறையிடமும் இருக்கின்றன, இரண்டிடமும் கேட்டால்தான் யாராவது ஒருவர் பதில் சொல்வார்கள். பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே எழுதட்டும். சந்தையில் தொப்புள் தழும்போடு எத்தனை மீன் பார்த்தார்கள் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.